நோன்புக் காலையில் எடுத்த தண்ணீர்

போன மாசம் எங்கள் பழைய சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ரெண்டு பெண் பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களாம். நீங்கள் எல்லாம் பரிசலில் போய்க் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் பார்ப்பீர்களாமே, அதை எழுதிக் கொடுங்கள் மேடம், ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். எவ்வளவு எழுத என்று கேட்டேன். ரெண்டு பக்கம் போதுமாம். ரெண்டு பக்கத்தில் என்னத்தை எழுத? மளிகைச் சீட்டே எனக்கு அதற்கு மேலே போகும். எனக்கு வருகிறபடி எழுதுகிறேன், வேண்டாததை வெட்டிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

படிப்புக் கதையை இழுக்க மாட்டேன். நான் பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பாவுக்கு வள்ளம். வேதியியல் பி.எஸ்ஸி. முடித்ததும் கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு வருஷ வேலை கிடைத்தது. எங்கள் பக்கம் சில வருஷம் ஆடிக் காற்றில் அடிக்கடல் தண்ணீர் மேலே ஏறி வரும். அதில் ஆக்சிஜன் கம்மி. ஆழத்து மீனெல்லாம் மூச்சுக்குத் திண்டாடி, கரையோரம் வந்து மயங்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்ப்பதற்காக, பக்கத்துப் பக்கத்து ஊர்ப் படகுக்காரர்களைச் சேர்த்து, ஆளுக்கொரு திசையில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஊர்க்காரர் கொண்டுவந்த பாட்டிலை அடுத்த ஊர்க்காரர் நம்ப மாட்டார். எங்கன எடுத்த, எவன் பார்த்தான் என்று கரையிலேயே சண்டை நடக்கும். நான் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பேன்.

அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். ரயில் ஏறும்போது எங்கம்மா, அங்கே கை நிறையச் சம்பளம் என்றாள். அங்கே கடல் கிடையாதே என்று நான் அழுதேன். வந்த புதிதில் ஒரு சாயப்பட்டறை லேபில் துணிக்கு ஷேடு பார்த்தேன். ரெண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு வீரபாண்டிப் பக்கம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தேன். பட்டறைகள் எல்லாம் கூடி நடத்துகிற நிலையம். சாயத் தண்ணீர் குழாயில் வரும், மருந்து போட்டுத் தெளியவைத்து நொய்யலில் விடுவார்கள். தெளியும் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அங்கே மேலதிகாரியாக இருந்தவர் காதர் சார்.

காதர் சார் என்னைவிடச் சின்னவர். என் தம்பி வயசு. லேபுக்குள் என்னை மேடம் என்பார், வாசல் தாண்டினால் அக்கா. பக்கா திருப்பூர்க்காரர். அவர் அப்பா பனியன் வேஸ்ட் வியாபாரம். முழுக்கைச் சட்டையைப் பட்டன் போட்டபடியேதான் வேலை செய்வார், ஆசிட் கையாளும்போது சுருட்டிவிட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்டதில்லை. திட்ட மாட்டார். தப்பாகச் செய்தால் வந்து பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். அவர் நிற்கிறார் என்றாலே நமக்குக் கை தானாக முதலில் இருந்து ஆரம்பிக்கும். "பரவால்லீங்க" என்ற வார்த்தை அவர் வாயில் வந்தால் அன்றைக்கு நமக்குத் தீபாவளி. நான் வாயாடி. சும்மா நிற்கிறதுக்குத் திட்டியே தொலைக்கலாமே சார் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நொய்யலில் சாயத் தண்ணீர் போகிற கதை ஊர் உலகம் அறிந்தது, அதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிந்து போய் நிரம்புகிற குளம் ஒன்று கீழே இருந்தது. அதன் பேரைச் சொல்லப் போவதில்லை, அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தக் குளத்தில் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் குத்தகைக்கு மீன் வளர்த்தது. வேறு மீன் எதுவும் தங்காது, ஜிலேபிக் கெண்டைதான். அதுவும் சில நாள் காலையில் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கும். சங்கத்துக்காரர்கள், சாயத் தண்ணியால் சாகிறது என்றார்கள். பட்டறைக்காரர்கள், அளவுக்கு மேல் குஞ்சு விட்டுவிட்டு எங்களைச் சொல்கிறார்கள் என்றார்கள். வாய்க்கால் பாசனத்து விவசாயிகள், ரெண்டு பேருமே பொய் சொல்கிறார்கள் என்றார்கள். கடைசியில் அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து பேசி, மூன்று தரப்பும் சேர்ந்து தண்ணீரைச் சோதிப்பது என்று முடிவாயிற்று. ரெண்டாயிரங்களின் நடுவாந்திரம் அது. பட்டறைத் தரப்புக்குக் காதர் சார். விவசாயிகள் தரப்புக்குத் துரைசாமி அண்ணன், தென்னந்தோப்பும் நாலு எருமையும் உள்ளவர். சங்கத்துக்குச் செயலாளர் பாவாயி. சோதனை போடுகிற கை என்னுடையது.

பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு இருக்கும். புருஷன் இல்லை. பரிசலை ஒத்தைத் துடுப்பில் சுழலாமல் நேர்கோட்டில் விடுவாள். பரிசல் விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும். அந்தத் தை மாசத்தோடு சங்கத்தின் குத்தகை முடிகிறது. மீன் சாவது சங்கத்தின் கவனக்குறைவால்தான் என்றானால் குத்தகையைப் புதுப்பிக்காமல் ஏலம் விட்டுவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். ஏலத்துக்கு வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் தயாராக நின்றார். குளம் கைவிட்டுப் போனால் சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் பனியன் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். வேலைக்கு அங்கே பஞ்சமில்லை, வேனே ஊருக்குள் வந்து ஏற்றிப்போகும். "அதுக்கில்லீங் அம்மிணி, எனக்குத் தண்ணி மேல இருந்தாத்தான் மனசு நிக்குது" என்றாள் ஒரு நாள். எனக்குச் சுருக்கென்றது. நான் ஊரைவிட்டு வந்ததிலிருந்து யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்த விஷயத்தை அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சிநேகிதி.

சோதனை இப்படித்தான். பரிசலில் நடுக்குளத்துக்குப் போவோம். கண்ணாடி பாட்டிலில் குழாய் வழியாக அடியிலிருந்து தண்ணீரை நிரப்பி, வழியவிட வேண்டும். ஒரு காற்றுக் குமிழ் உள்ளே போனாலும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். நிரம்பினதும் அங்கேயே ரெண்டு மருந்து. முதலில் மாங்கனீஸ் சல்பேட், அடுத்து அயோடைடு கலந்த காரம். பிப்பெட்டின் முனை தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மூடியைப் போட்டுத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் குலுக்கினால் உள்ளே திரிதிரியாகக் கசடு இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் கசடு பழுப்பு. இல்லாவிட்டால் வெள்ளை. கரைக்கு வந்து ஆசிட் விட்டால் பழுப்பு கரைந்து மஞ்சளாகும். அப்புறம் பியூரெட்டில் ஹைப்போவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச் போட்டு, நீலம் மறைகிற இடத்தில் நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும்.

படிக்கிற இடத்தில்தான் காதர் சார் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். நான் நிறுத்தினதும் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பியூரெட்டைப் பார்ப்பார்கள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவரவர் கண்ட அளவைப் பேனாவால் அவரவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கையை மூடிக்கொள்ள வேண்டும். "தொறக்கலாங்க" என்று காதர் சார் சொன்னதும் மூன்று கையும் ஒன்றாகத் திறக்கும். மூன்றும் ஒத்துப்போனால் பதிவேட்டில் ஏறும். ஒன்று மாறினாலும் மறுபடி முதலிலிருந்து. முதலில் துரைசாமி அண்ணன் இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று கிண்டல் பண்ணினார். நாலு தடவை செய்ததும் அவர்தான் ரொம்ப உஷார், கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். எங்கள் கடற்கரையில் இதைச் செய்திருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் சரி. ஆனால் தண்ணீர் எங்களிடம் நல்லபடியாகவே பேசிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தாலும் கசடு நல்ல பழுப்பு, டீத்தூள் மாதிரி. அளவு ஆறு, ஏழு. மீனுக்கு நாலு இருந்தாலே தாராளம். பச்சைப் பாசி ஏறின தண்ணீரில் காலை அளவு வேறு, மத்தியான அளவு வேறு என்பது காதர் சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெயில் பட்டால் பாசி ஆக்சிஜனை விடும், இருட்டில் அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் விடிகாலையில் எடுக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசி, எல்லோரும் சரி என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் இருட்டோடு வேன் எடுத்துக் கிளம்புவோம். போய்ச் சேர்ந்தால் பாவாயி வீட்டு வாசலில் இலை போட்டிருக்கும்.

கொங்கு நாட்டில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஊடு தேடி வந்தவர்கள் கை நனைக்காமல் போனால் அது அந்த வீட்டுக்கே குறைச்சல். அதிலும் பாவாயி சாதாரணமாக விடுவாளா? இட்லியோடு முடித்தால்கூடப் பரவாயில்லை. எங்களுக்காகச் சந்தகை பிழிவாள், நம் இடியாப்பம் மாதிரி. அவிக்கவும் பிழியவும் ரெண்டு ஆள் வேண்டும், ஏடு ஏடாக எடுத்து வைக்க வேண்டும், அதற்குத் தேங்காய்ப் பால் வேறு. தண்ணியை எடுத்துவிட்டு வந்து சாப்பிடுகிறோம் என்று காதர் சார் ஒரு தடவை பணிவாகச் சொல்லிப் பார்த்தார். வெறும் வயிற்றோடு தண்ணி மேல் போகக் கூடாது, அவர் போன அன்றைக்கு அப்படித்தான் போனார் என்று சொன்னாள். அவர் என்றது அவள் புருஷனை. உட்கார்ந்து சாப்பிட்டோம். துரைசாமி அண்ணனும் எருமை கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் வருவார். அவர் வந்தால் அவருக்கும் இலை. அதற்கப்புறம் ஒரு டீ. பரிசல் தண்ணீரில் இறங்கும்போது முதுகில் வெயில் சுள்ளென்று அடிக்கும். குளத்துக்குப் போகிறாயா மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறாயா என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

கொஞ்சம் தாமதம், அதனால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு ஊறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் ஒரு தடவை நிறைய மீன் செத்தது. எங்கள் பதிவேட்டிலோ ஆறரை. மூன்று தரப்பும் ஒத்துக்கொண்ட ஆறரை. கூட்டத்தில் அதிகாரி அதைப் படித்துக் காட்டி, தண்ணீரில் குறை இல்லை, சங்கத்தில்தான் ஏதோ குறை என்றார். பாவாயி எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, அப்ப எம் மீனு பொய் சொல்லுதுங்களா?"

அதிகாரி பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் கையிலேயே அவள் எழுதின அளவு அது. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தை மாசம் எங்களுக்குப் பொங்கல் இல்லீங் அம்மிணி என்றாள். அளவு போட்ட கை என்னுடையது.

அந்த வருஷம் நோன்பு ஐப்பசியில் வந்தது. தீபாவளி ஆர்டர் அவசரத்தில் பட்டறை எல்லாம் முழு மூச்சாக ஓடுகிற சமயம். நாலைந்து நாளாக மேகம் மூடிக் கிடந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. எங்களுக்குச் சோதனை முறை வந்தது. காதர் சார் நோன்பு பிடிக்கிறவர், ஒரு நாள்கூட விட மாட்டார். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று நிலையத்தில் கேட்டார்கள். நானே போகிறேன், சகருக்குச் சாப்பிட்டுத் தொழுதுவிட்டு வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். நான் முதல் நாளே பாவாயிக்குப் போன் பண்ணி, சார் நோன்பு என்று சொல்லிவைத்தேன். அவ்வளவு மரியாதை தெரிந்தவளுக்கு அடுத்ததைச் சொல்லித்தர வேண்டுமா? நோன்புக்காரர் முன்னால் நாம் எப்படி வாயை அசைக்கிறது, அடுப்பே பற்றவைக்கப் போவதில்லை, நேராகக் கரைக்கு வந்துவிடுங்கள் என்றாள். அவர் வெறும் வயிற்றோடு இல்லை, சாப்பிட்டுவிட்டுத்தானே வருகிறார் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். துரைசாமி அண்ணனுக்கும் அவள்தான் தகவல் சொன்னாள். அவர் கறவையைப் பொண்டாட்டி தலையில் கட்டிவிட்டு, டீகூட இல்லாமல் ஒரு சோதனையா என்று முணுமுணுத்தபடி வந்து நின்றார்.

கிழக்கே லேசாக வெளுக்கிற நேரத்தில் பரிசல் நடுக்குளத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அந்தக் குளத்தை நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. தண்ணீர் மேல் முழுக்கச் சின்னச் சின்ன வட்டம். மழைத் துளி என்று நினைத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். மழை இல்லை. மீன். ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் ஒரு வாய் மேலே திறந்து திறந்து மூடுகிறது. எங்கள் ஊர்க் கரையில் ஆடி மாசம் கிடந்த மீன் முகம் அது.

பாட்டிலை நிரப்பினேன். குமிழ் இல்லை. முதல் மருந்து, ரெண்டாவது மருந்து, மூடி. குலுக்கினேன். திரி இறங்கத் தொடங்கியது. வெளிச்சம் போதாததால் நிறம் தெரியவில்லை என்று நினைத்தேன். காதர் சார் பாட்டிலை வாங்கி, கிழக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெள்ளை. சோற்றுக் கஞ்சி மாதிரி வெள்ளை. மருந்து கெட்டுப் போயிருக்குமோ என்று துரைசாமி அண்ணன்தான் முதலில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். காதர் சார் கரைக்குத் திருப்பச் சொன்னார். பாவாயி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ரெண்டு குடத்தில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றச் சொல்லி, அதே மருந்தை அதில் போடச் சொன்னார். பளிச்சென்று பழுப்பு. மறுபடி குளத்துக்குப் போனோம். மதகுப் பக்கம் ஒன்று, மேல்கரைப் பக்கம் ஒன்று, நடுவில் இன்னொன்று. எல்லாம் வெள்ளை.

கரையில் ஆசிட் விட்டபோது வெள்ளை கரைந்து தண்ணீராகவே நின்றது. சொட்டு விட வேலையே இல்லை. இருந்தாலும் முறை முறைதான் என்று காதர் சார் மூன்று பேரையும் குனிந்து பார்க்க வைத்து, கையில் எழுதச் சொன்னார். திறந்தார்கள். மூன்று கையிலும் பூஜ்யம். பாவாயி தன் கையையே பார்த்துக்கொண்டு அழுதாள். சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும். பதிவேட்டில் முதல் கையெழுத்தைக் காதர் சார் போட்டார். மேகத்துக்குள்ளிருந்து வெயில் வந்த பிறகும் போகவில்லை, உச்சி வரைக்கும் இருந்து மறுபடி எடுக்கச் சொன்னார். தண்ணீர் மெல்ல மெல்லப் பழுப்புக்கு ஏறியது. அதையும் மூன்று கையில் எழுதினோம். நாக்கு வறண்டு அவருக்கு உதடு வெடித்திருந்தது. நாங்களும் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்கத் தோன்றவில்லை.

வேனில் திரும்பும்போது அவர் பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நாம பகல்ல எடுத்ததும் நெசந்தான். ஆனா மீனு ராத்திரியும் அதே தண்ணிக்குள்ள தானுங்க இருக்குது."

நிர்வாகத்துக்குச் சேதி போனதும் அவரைக் கூப்பிட்டார்கள். கத்தவில்லை, மிரட்டவில்லை. டீ வரவழைத்து, அப்புறம்தான் நோன்பு ஞாபகம் வந்து எடுத்துப் போகச் சொன்னார்களாம். மருந்து பழசு, அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். எழுதிக் கொடுக்கவில்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவருக்கு ரெண்டு பெண் குழந்தைகள், வீட்டுக் கடன் வேறு. எதற்கு சார் வம்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்டிருந்தாலும் வந்து பக்கத்தில் நின்றிருப்பார், அவ்வளவுதான்.

குத்தகை விசாரணை பெருநாள் கழிந்து நடந்தது. கான்ட்ராக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி நல்ல மனுஷர், குழம்பிப் போயிருந்தார். பழைய அளவெல்லாம் ஆறு, ஏழு. இது பூஜ்யம். இதில் எது உங்கள் அளவு என்று காதர் சாரைக் கேட்டார். ரெண்டுமே எங்களுடையதுதான் என்றார். பாசி பகலில் தருவதையும் இரவில் இழுப்பதையும், மேகம் போட்டால் இருப்பே இல்லாமல் போவதையும் பொறுமையாக விளக்கினார். அதிகாரி கேட்டுவிட்டு, பாசி எல்லாக் குளத்திலும்தானே இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் இப்படி என்றார்.

காதர் சார் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தக் குளத்துக்கு வர்ற தண்ணி எங்க தண்ணிங்க. மிச்சமிருக்கற மூச்சை அது இழுத்துக்குதுங்க."

அவ்வளவுதான். சங்கத்துக்கே குத்தகை நீடித்தது. மேகம் போட்ட நாளில் வாய்க்கால் மதகை அடைத்துவைப்பது, நிலையத்தின் செலவில் தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றுகிற சக்கரம் குளத்தில் போடுவது, சோதனை எப்போதும் விடியலில்தான் என்று எழுதிக் கையெழுத்தானது. பாவாயி அந்த அறைக்கு வெளியே வந்து காதர் சார் காலில் விழப் போனாள். அவர் பதறிப்போய் விலகி, என் பின்னால் வந்து நின்றுகொண்டார். அதைப் பார்த்துத் துரைசாமி அண்ணன் சிரிக்க, நான் சிரிக்க, அவளும் அழுகையோடு சிரித்தாள், காதர் சாரும் சிரித்துவிட்டார். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. அப்போது அது தெரியவில்லை.

அடுத்த வாரம் அவரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. திருப்பூரில் வேறு லேபுகளிலும் கேட்டுப் பார்த்தார், எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்துப் பேசி அனுப்பினார்கள். கடைசியில் வளைகுடாப் பக்கம் கடல் தண்ணீரை நன்னீராக்குகிற ஆலையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். கடலை விட்டு வந்த நான் இங்கே, கடலே பார்க்காத அவர் அங்கே. போகிற அன்று லேபுக்கு வந்து ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டுப் பார்த்தார். என்னிடம், "நீங்க பரவால்லீங்க்கா" என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

அவருக்குப் பிறகு வந்தவர் கெட்டவர் இல்லை. பரிசலில் ஏறப் பயந்தார். கரையில் குடையோடு நிற்பார், நாங்கள் எடுத்து வருவோம். உள்ளங்கையில் எழுதுவதை அவர் நிறுத்திவிட்டார், இங்க் உடம்புக்கு ஆகாதாம். துரைசாமி அண்ணனுக்கு முழங்கால் வலி வந்து, அவர் பையனை அனுப்பத் தொடங்கினார். நானும் பாவாயியும் மட்டும் பழையபடி. தண்ணீரை எடுத்து முடித்தபிறகுதான் அப்போதெல்லாம் சந்தகை. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு முறைகூட விடவில்லை. லீவு போட வேண்டிய ஜுரத்திலும் போனேன். வேலைப் பற்று என்று நிலையத்தில் நினைத்தார்கள். வேலையாவது ஒன்றாவது. விடிகிற நேரத்தில் தண்ணீர் மேல் நாலு பேர் மூச்சடக்கி ஒரு பாட்டிலைப் பார்த்திருந்தோமே, அதில் ஒரு துளியாவது திரும்பக் கிடைக்காதா என்றுதான் போனேன்.

கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள் கிளம்பும்போது ஒரு சேதி சொன்னார்கள். இப்போது அந்தக் குளத்தில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லையாம். மிதவை ஒன்றில் கருவி பொருத்தியிருக்கிறார்கள், அதுவே இரவும் பகலும் அளந்து போனுக்கு அனுப்புகிறது. என் போனிலும் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு இது இருந்திருந்தால் பாவாயி கூட்டத்தில் எழுந்து நின்றிருக்க வேண்டாம். அதற்கடுத்த நாள் காலையில் எழுந்ததும் பார்த்தேன். நாலு புள்ளி இரண்டு. பல் விளக்குவதற்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

காதர் சார் பெருநாளுக்குப் பெருநாள் போன் பண்ணுவார். இந்தத் தடவையும் பண்ணினார். அவர் வேலை பார்க்கிற இடம் கரையோரம், அவர் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்கும். நான் பேச்சை இழுத்து இழுத்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் கடலைத் தாண்டிக் குளத்தை விசாரிப்பார். அளவைச் சொன்னேன். விடிகாலையிலா என்று கேட்டார். விடிகாலையில்தான் சார், நாலு புள்ளி இரண்டு என்றேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். யாரெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை, மெஷின் என்று விவரத்தைச் சொன்னேன்.

"அப்ப வெடியறப்ப குளத்துல யாருமே இல்லீங்களா அக்கா?"

"பாவாயி இருக்கா சார். பரிசல்ல, தனியா."

"அது போதுங்க்கா" என்றார்.

எனக்குப் போதவில்லை.